மாந்தோப்பு வால்வுக்கு யார் கட்டளை இடலாம்? வயர்லெஸ் சென்சார் பாதுகாப்பில் எதைத் தேர்ந்தெடுப்பது

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புகளுக்குச் சொட்டுநீர் புதிதல்ல. இப்போது பேச்சு அடிபடுவது மண்ணின் ஈரத்தைச் சொல்லும் சென்சாரும், அதைப் பார்த்துத் தானாகத் திறந்து மூடும் பேட்டரி வால்வும்தான். காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் பெரியப்பாவின் தோப்புக்கும் அப்படி ஒன்று போடலாம் என்று முடிவாகி, சில இடங்களில் விலை கேட்டாயிற்று. இருபது ஏக்கர் சொச்சம், பெங்களூராவும் கொஞ்சம் செந்தூராவும். ஈர சென்சார் பன்னிரண்டு, வால்வு ஆறு, கிணற்று மேட்டில் ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்று. கரண்ட் இருப்பது கிணற்றடியிலும் வீட்டிலும் மட்டும். மற்றதெல்லாம் பேட்டரியில்தான் ஓட வேண்டும்.

விலை சொன்ன எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "ஏஇஎஸ் 128 பிட் சார், யாரும் உடைக்க முடியாது." அது உண்மைதான். 2001-இல் அமெரிக்கத் தர நிறுவனம் ஏற்றுக்கொண்ட குறியாக்க முறை அது. கணக்குப் போட்டு அதன் சாவியை, அதாவது செய்தியைப் பூட்டித் திறக்கும் ரகசிய எண்ணை, கண்டுபிடித்தவர் இன்றுவரை இல்லை. ஆனால் எல்லாப் பெட்டியிலும் அதே ஏஇஎஸ் இருக்கும்போது, அதை வைத்து எதைத் தேர்ந்தெடுப்பது? நான் வேறு நான்கு விஷயங்களைப் பார்த்தேன். மொத்தம் எத்தனை சாவி? அவை யார் கையில் இருக்கின்றன? பேட்டரியைக் கழற்றி மாட்டினால் செய்தி எண்ணிக்கை என்னவாகிறது? ஒரு பெட்டி திருடு போனால் மீதிப் பெட்டிகளின் கதி என்ன?

ரகசியம் கடைசிக் கவலை

"நம்ம தோப்புல ஈரம் எவ்வளவுன்னு அடுத்தவனுக்குத் தெரிஞ்சா என்னப்பா போச்சு?" என்று பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ஒன்றும் போகாது. முதல் கவலை, வால்வுக்கு வரும் 'திற' என்ற செய்தி உண்மையிலேயே நம் கேட்வேயிலிருந்து, அதாவது எல்லாப் பெட்டிகளோடும் பேசும் மையப் பெட்டியிலிருந்து, வந்ததா என்பது. அடுத்தது, அது இப்போது அனுப்பியதா, இல்லை போன வாரம் போனதை யாராவது பதிந்து வைத்து மறுபடி விடுகிறார்களா என்பது.

மாவுக்கு இது சின்ன விஷயமில்லை. கார்த்திகை, மார்கழியில் தண்ணீரை நிறுத்தி மரத்தைக் காயப் போட்டால்தான் தை, மாசியில் பூ நன்றாகப் பிடிக்கும். அந்த நேரத்தில் நமக்குத் தெரியாமல் நாலு ராத்திரி வால்வு திறந்து தண்ணீர் பாய்ந்தால், மரம் பூவுக்குப் பதில் துளிர் விடும். இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆறு வால்வையும் யாராவது மூடிவிட்டால் பைப் ஜாயின்ட் பிய்த்துக்கொள்ளும்.

ஆகவே வெறும் குறியாக்கம் போதாது. செய்தியை யார் அனுப்பினார், நடுவில் மாறியதா என்று சரிபார்க்க ஒவ்வொரு பாக்கெட்டின் வாலிலும் சில பைட் முத்திரை வேண்டும். அந்த முத்திரையையும் சாவி இருப்பவர்தான் போட முடியும். அது இல்லையென்றால் செய்தியைப் படிக்கத் தெரியாதவன்கூட அதைக் கெடுக்கலாம். இந்தச் சின்னக் கருவிகள் பயன்படுத்தும் குறியாக்க வகையில், போகிற வழியில் ஒரு பிட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கும் மூலச் செய்தியிலும் அதே பிட்தான் திரும்பும். 'மூடு' 0, 'திற' 1 என்று இருந்தால், சாவியே இல்லாமல் மூடியதைத் திறந்துவிடலாம். சென்சார் ரேடியோக்களின் அடிப்படைத் தரமான ஐஇஇஇ 802.15.4-இன் 2003 பதிப்பிலேயே முத்திரை இல்லாத குறியாக்கம் ஒரு தெரிவாக இருந்தது. அப்போதே ஆராய்ச்சியாளர்கள் அதைக் குறை சொன்னார்கள்.

யார் இதையெல்லாம் செய்யப் போகிறார்கள் என்று கேட்கலாம். தொப்பி போட்ட வெளிநாட்டு ஹேக்கரை நான் நினைக்கவில்லை. நான் நினைப்பது, அதே கம்பெனிப் பெட்டியை வாங்கி மாட்டிய பக்கத்துத் தோப்பை. அங்கே பட்டன் அழுத்த, இங்கே வால்வு திறக்கும். வாய்க்கால் தகராறு உள்ளவர்களையும் நினைக்கிறேன். எல்லோரையும்விட, பெட்டியை மாட்டிவிட்டுப் போனவரை. 2000-இல் ஆஸ்திரேலியாவின் மரூச்சி பகுதியில் நடந்தது அதுதான். கழிவுநீர்ப் பம்புகளுக்கு ரேடியோ கட்டுப்பாடு அமைத்துக் கொடுத்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர், காரில் ரேடியோவும் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு பம்புகளுக்குக் கட்டளை அனுப்பினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காவிலும் ஓடையிலும் ஓடியது. அடுத்த ஆண்டு அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவர் எந்தக் குறியாக்கத்தையும் உடைக்கவில்லை. உள்ளே இருந்தவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

433 ரிமோட்: வேண்டாம்

விலையில் இதை அடிக்க ஆளில்லை. 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டும் ரிசீவரும் கேட் திறக்கவும் மோட்டார் போடவும் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றில் நிறைய ஈவி1527 வகைச் சில்லில் ஓடுகின்றன. அதில் இருப்பது மாறாத 20 பிட் எண் ஒன்று, அதாவது பத்து லட்சத்துச் சொச்சத்தில் ஒன்று. குறியாக்கமும் கிடையாது, முத்திரையும் கிடையாது. ஒரு தடவை காற்றில் பிடித்தால் காலத்துக்கும் அதே செய்தி வேலை செய்யும். இதில் பாதுகாப்பைப் பேச ஒன்றுமில்லை.

ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் மொபைல் ஸ்டார்ட்டரும் ஏறக்குறைய இந்த வகையில்தான் சேரும். பதிந்த நம்பரிலிருந்து கால் வருகிறதா என்று மட்டுமே பார்ப்பதாக இருந்தால், கூப்பிடும் நம்பரைப் போலியாகக் காட்ட வழி உண்டு. ஆனாலும் வீட்டிலிருந்தே மோட்டார் போட அது கொடுத்த வசதி பெரிசு, அதை நான் குறை சொல்ல வரவில்லை.

ஈஎஸ்பி-நவ்: கைவேலைக்காரர்களின் வழி

கல்லூரி முடித்த பையன்கள் கட்டித் தரும் பெட்டிகளில் பெரும்பாலும் ஈஎஸ்பி32 சில்லுதான் இருக்கும். வைஃபை ரவுட்டர் இல்லாமலே இரண்டு பெட்டிகள் நேரடியாகப் பேசிக்கொள்ள அதில் ஈஎஸ்பி-நவ் என்ற முறை இருக்கிறது. அதன் முதல் பதிப்பில் ஒரு செய்தி 250 பைட் வரை போகலாம். ஒவ்வொரு ஜோடிக்கும் தனிச் சாவி கொடுத்துக் குறியாக்கலாம். பாதுகாப்புக்கு நல்ல அடிப்படைதான். ஆனால் ஒரு பெட்டியால் அதிகபட்சம் 17 பேரோடு மட்டுமே குறியாக்கத்துடன் பேச முடியும். மாற்றாமல் விட்டால் 7 பேர்தான். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் அறிவிப்புக்குக் குறியாக்கமே கிடையாது. நம் கணக்கு பன்னிரண்டும் ஆறும் பதினெட்டு, ஸ்டார்ட்டர் பெட்டியையும் சேர்த்தால் பத்தொன்பது. எல்லை தாண்டிவிட்டது.

இப்படி எல்லை தாண்டும்போது கட்டித் தருபவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. 'நிரலிலேயே ஒரே சாவியைப் போட்டுவிடலாம், எல்லாப் பெட்டிக்கும் அதே' என்கிறார்கள். அப்புறம் ஒரு பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனால் தோப்பே போனது மாதிரிதான். பாதுகாப்பு வசதிகளை இயக்காத ஈஎஸ்பி32-இன் ஃபிளாஷ் நினைவகத்தை ஒரு யூஎஸ்பி கேபிளில் சில நிமிஷத்தில் அப்படியே பிரதி எடுத்துவிடலாம். சோலார் பேனலுக்காகத் திருடுபவன் சாவியைத் தேட மாட்டான் என்பது சரி. ஆனால் அந்தப் பெட்டி பழைய சாமான் கடை வழியாக யார் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்று, இது 2.4 கிகாஹெர்ட்ஸ். அடர்ந்த மாமரத்து இலை, அதிலும் மழை நனைத்த இலை, இந்த அலையை விழுங்கும். காலி நிலத்தில் நன்றாக எட்டியது தோப்புக்குள் எட்டாது.

லோராவான்: அதிகம் சொல்ல வேண்டியது

தோப்பு மாதிரி பரந்த இடத்துக்கு, குறைந்த மின்சாரத்தில் தூரம் எட்டும் ரேடியோவான லோராதான் இயல்பானது. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை 2005 முதலே லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம், 1 வாட் வரை. வீட்டு மாடியில் ஒரு கேட்வே வைத்தால் இருபது ஏக்கரும் அதற்குள் அடங்கிவிடும்.

லோரா என்பது ரேடியோ மட்டும், லோராவான் என்பது அதன் மேல் போட்ட ஒழுங்கு. 'எங்களுடையது லோரா' என்று மட்டும் சொல்பவர் பாதுகாப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் லோராவில் குறியாக்கமும் இல்லை, முத்திரையும் இல்லை. லோராவானில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி 128 பிட் மூலச் சாவி உண்டு. அதிலிருந்து செய்திக்கு ஒன்று, முத்திரைக்கு ஒன்று என்று இரண்டு தற்காலிகச் சாவிகள் பிறக்கும். ஒரு பெட்டி திருடு போனால் அதன் பெயரை மட்டும் சர்வரில் நீக்கினால் போதும், மற்றவற்றைத் தொட வேண்டாம். எனக்கு இது ஒன்றே பெரிய காரணம்.

முத்திரை நான்கே பைட். கேட்டதும் குறைவாகத் தோன்றும். கணக்குப் பார்ப்போம். நான்கு பைட் என்றால் சுமார் 430 கோடி சாத்தியங்கள். ஒரு சின்ன பாக்கெட் மிக வேகமான அமைப்பில், அதாவது எஸ்எஃப்7-இல், காற்றில் 62 மில்லி விநாடி இருக்கும். மூச்சு விடாமல் போலி பாக்கெட் அனுப்பினாலும் சராசரி நான்கு வருஷம் ஆகும், அதுவும் ஒரே ஒரு போலிச் செய்தி தேற. அதோடு சாதாரண பேட்டரி நோடு (தோப்பில் நிற்கும் சென்சார் அல்லது வால்வுப் பெட்டி), தான் செய்தி அனுப்பிய பிறகு சில நொடி மட்டுமே காதைத் திறந்து வைக்கும். மற்ற நேரத்தில் அனுப்பும் போலி எதுவும் அதன் காதில் விழாது. தோப்புக்கு இது தாராளம்.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. லோராவானில் ஒரு பெட்டியைச் சேர்க்க இரண்டு முறைகள் உண்டு. ஓடிஏஏ முறையில் பெட்டி ஒவ்வொரு தடவை வலையில் சேரும்போதும் புதுத் தற்காலிகச் சாவிகள் உருவாகும். ஏபிபி முறையில் அந்தச் சாவிகளை முதலிலேயே எழுதி வைத்துவிடுவார்கள், மாறவே மாறாது. அவசரத்தில் மாட்டுபவர்களுக்கு ஏபிபி பிடிக்கும், சேர்வதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் ஏறிக்கொண்டே போகும் எண் ஒன்று உண்டு. பழைய செய்தியை மறுபடி விட்டால் அந்த எண்ணை வைத்துத்தான் தள்ளுகிறார்கள். மலிவான ஏபிபி பெட்டிகளில் பேட்டரி மாற்றினால் எண் மறுபடி பூஜ்யத்துக்குப் போகும். சர்வர் 'இது பழைய செய்தி' என்று எல்லாவற்றையும் தள்ளும். உடனே 'டேட்டா வரலை' என்று போன் வரும். வந்து பார்ப்பவர் சர்வரில் எண் சரிபார்ப்பையே அணைத்துவிட்டுப் போவார். டேட்டா வரும், எல்லோருக்கும் சந்தோஷம். அந்த நிமிஷத்திலிருந்து, பதிந்து வைத்த பழைய ஈர அளவு எதை வேண்டுமானாலும் அந்தத் தோப்பின் சர்வர் நம்பும்.

அதிலும் மோசம், அதே சாவியில் அதே எண் மறுபடி வந்தால் குறியாக்கமே கழன்றுவிடும். அப்படி வந்த இரண்டு செய்திகளை ஒன்றோடொன்று கூட்டிக் கழித்தால் சாவி மறைந்து இரண்டின் வித்தியாசம் மட்டும் நிற்கும். ஈர அளவு மாதிரி ஊகிக்கக்கூடிய செய்திக்கு அந்த வித்தியாசமே போதும்.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது "ஏஇஎஸ் இருக்கா?" என்பதல்ல. "ஓடிஏஏவா ஏபிபியா? பேட்டரி மாத்தினா கவுன்ட்டர் எங்கிருந்து தொடங்கும்?" இதற்கு முழிப்பவரிடம் வாங்க வேண்டாம்.

அடுத்தது சர்வர். பரவலாக இருக்கும் 1.0 வரிசைப் பதிப்பில் மூலச் சாவி சர்வரிடம் இருக்கும், அதிலிருந்தே எல்லாச் சாவியையும் அது எடுத்துக்கொள்ளலாம். கம்பெனியின் கிளவுடில் போட்டால் தோப்பின் வால்வு கம்பெனியின் கையில். சந்தா நின்றால் என்ன ஆகும் என்பது தனிக் கதை. சர்ப்ஸ்டாக் என்ற இலவச மென்பொருளை ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்றில் வீட்டிலேயே ஓட்டலாம். அதைப் பராமரிக்க வீட்டில் ஒருவருக்காவது கொஞ்சம் ஆர்வம் வேண்டும். எங்கள் வீட்டில் பெரியப்பாவின் மகள் இருக்கிறாள், அதனால் எனக்குத் தயக்கமில்லை. அப்படி யாரும் இல்லாத வீட்டுக்கு கம்பெனி கிளவுடுதான் நடைமுறை. அப்போதும் சாவிகளின் பட்டியலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தாமதம் ஒரு குறை. பேட்டரி வால்வு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பேசினால், கட்டளையும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் போய்ச் சேரும். தண்ணீர் பாய்ச்ச அது போதும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் யானை வருவதை எச்சரிக்கும் கருவிக்கு அது போதாது. சென்சார் உடனே சொல்லிவிடும், ஆனால் சைரன் பத்து நிமிஷம் கழித்துக் கத்தினால் என்ன பயன்? அங்கே சைரன் பெட்டி எப்போதும் காதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும்.

ஐபி முகவரியோடு ஒவ்வொரு நோடும்

நான்காவது வழி, இன்டர்நெட்டின் பாணியிலேயே சின்னக் கருவிகளையும் பேச வைப்பது. 802.15.4 ரேடியோ, அதன் மேல் சுருக்கிய ஐபிவி6 (இன்டர்நெட் முகவரி முறை), அதன் மேல் டிடிஎல்எஸ் அல்லது ஆஸ்கோர் பாதுகாப்பு. த்ரெட் என்ற வலை இந்த அடித்தளத்தில் நிற்பதுதான். புத்தகத்தில் படிக்க இதுவே மிக அழகு. நோடிலிருந்து சர்வர் வரை நடுவில் எந்தப் பெட்டியும் செய்தியைப் பிரிக்க முடியாது.

தோப்பில் இது சிரமம். இந்த ரேடியோவின் ஒரு ஃபிரேமில் மொத்தமே 127 பைட்தான். டிடிஎல்எஸ் 1.2 ஒவ்வொரு செய்திக்கும் 29 பைட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். இரு பக்கமும் சாவியை ஒத்துக்கொள்ளும் ஆரம்பக் கைகுலுக்கலில் டிஜிட்டல் சான்றிதழ் பரிமாறினால் ஒன்றே பத்துப் பதினைந்து துண்டாக உடைந்து போகும், ஒரு துண்டு தவறினாலும் மறுபடி அனுப்ப வேண்டும். இதைச் சரிசெய்யத்தான் 2019-இல் ஆஸ்கோரும், 2024-இல் அதற்கான சுருக்கமான கைகுலுக்கல் எட்ஹாக்கும் தரமாக வந்தன. எட்ஹாக்கின் மூன்று செய்திகளும் சேர்ந்து 101 பைட் வரை சுருங்கும். அருமையான வேலை. ஆனால் விவசாயக் கடையில் கிடைக்கும் பெட்டியில் இதை நான் இன்னும் பார்க்கவில்லை.

தளி, பாகலூர்ப் பக்கம் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களுக்கு இந்த வழி பொருந்தும். அங்கே நோடுகள் நெருக்கமாக இருக்கும், கரண்ட் பக்கத்திலேயே உண்டு, விசிறிக்கும் மூடுபனிக் குழாய்க்கும் நொடியில் கட்டளை போக வேண்டும். ஒரு எச்சரிக்கை: இதே 802.15.4 ரேடியோவில் ஓடும் ஜிக்பீ வாங்கினால் 3.0 பதிப்பாகவும், ஒவ்வொரு பெட்டிக்கும் தனி நிறுவல் எண் கேட்பதாகவும் பாருங்கள். பழைய ஜிக்பீ கருவிகள் வலையில் சேரும்போது பயன்படுத்திய பொதுச் சாவி உலகத்துக்கே தெரிந்த ஒன்று.

பேட்டரிக் கணக்கு

பாதுகாப்பு போட்டால் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பது பாதி உண்மை. 2004-இல் பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள் டைனிசெக் என்ற முறையில் அளந்தபோது, முத்திரைக்கு மட்டும் சுமார் 3 சதவீதமும், குறியாக்கமும் சேர்ந்தால் சுமார் 10 சதவீதமும் கூடுதல் மின்சாரம் ஆனது. அதிலும் பெரும்பகுதி பாக்கெட் நீளமானதால் வந்தது, கணக்குப் போட்டதால் அல்ல. லோராவில் முன்பு சொன்ன 62 மில்லி விநாடி பாக்கெட்டில் முத்திரையை நீக்கினால் 51 ஆகும். அதே பாக்கெட் மிக மெதுவான அமைப்பான எஸ்எஃப்12-இல் போனால் ஏறக்குறைய ஒன்றரை விநாடி. முத்திரையை நீக்கி மிச்சம் பிடிப்பதைவிட, ஆன்டெனாவை இரண்டு மீட்டர் உயர்த்தி வேகமான அமைப்பில் ஓட வைப்பது பல மடங்கு லாபம்.

சின்னக் கருவிகளுக்கென்றே 2023-இல் அமெரிக்கத் தர நிறுவனம் ஆஸ்கான் என்ற குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. அதற்காகக் காத்திருக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம். இன்று வாங்கும் சில்லுகளில் ஏஇஎஸ் போடத் தனிச் சுற்றே பெரும்பாலும் இருக்கிறது.

முடிவு

தோப்புக்கு லோராவான், ஓடிஏஏ மட்டும், சர்வர் வீட்டில். வால்வின் நிரலில் ஒரு விதி: 'திற' என்ற கட்டளையோடு எத்தனை நிமிஷம் என்பதும் வர வேண்டும், அந்த நேரம் முடிந்ததும் யார் சொல்லாவிட்டாலும் தானே மூடிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் காற்றில் இரைச்சலைப் போட்டு மொத்த ரேடியோவையும் அடைத்தால் எந்தக் குறியாக்கமும் உதவாது. மோட்டாரை இந்த வலையில் சேர்க்கவில்லை. கிணற்றடியில் அழுத்தம் பார்க்கும் சுவிட்சும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் ரிலேயும் தனியாக வயரில் இருக்கும். வால்வுகள் என்ன சொன்னாலும் அழுத்தம் ஏறினால் மோட்டார் நிற்கும்.

வீட்டு சர்வரை வெளியிலிருந்து போனில் பார்க்க எம்கியூடிடி (கருவிச் செய்திகளை இன்டர்நெட்டில் கடத்தும் முறை) வைத்தால், 1883 போர்ட்டைப் பாஸ்வேர்ட் இல்லாமல் வெளியே திறந்து வைக்கக் கூடாது. டிஎல்எஸ் குறியாக்கத்தோடு 8883 மட்டும். அங்கே கரண்ட் இருக்கிறது, சிக்கனம் பார்க்கத் தேவையில்லை. காற்றில் போகும் செய்திக்கு இவ்வளவு யோசித்துவிட்டு இந்தக் கதவைத் திறந்து போடுவதுதான் சாதாரணமாக நடக்கிறது.

மாட்டுபவர் வேலை முடித்துப் போன அன்றைக்கே பதினெட்டுப் பெட்டிக்கும் மூலச் சாவியை நாமே புதிதாக உருவாக்கி எழுத வேண்டும், சர்வர் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். இதற்கு அவர் பெட்டிகளைப் பூட்டாமல் தர வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதை எழுதி வாங்கிவிட்டோம். விலை சொன்னவர்களில் ஒருவர்தான் சரி என்றார், வேலை அவருக்கே.